நைட்ரேட் இறங்காத பெரிய தொட்டி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஐயா, வணக்கம். எங்கள் வீட்டில் ஆறடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டரை அடி உயரம் கொண்ட கடல்நீர்த் தொட்டி இருக்கிறது. கீழே உள்ள சம்ப்பையும் (வடிகட்டும் துணைத் தொட்டி) சேர்த்தால் ஏறக்குறைய 1,000 லிட்டர் நீர். எம்பரர் ஏஞ்சல் ஒன்று, டாங் மூன்று, சிங்கமீன் ஒன்று வளர்க்கிறேன், பவளங்கள் கிடையாது. ஓராண்டாக ஞாயிறுதோறும் 100 லிட்டர் நீரை மாற்றி வருகிறேன். ஆனாலும் நைட்ரேட் 90 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்) அளவிலிருந்து இறங்கவே இல்லை. நாளொன்றுக்கு இரண்டு தேக்கரண்டி உருண்டைத் தீனியும், இரவில் கொஞ்சம் உறைந்த இறாலும் போடுகிறேன். இவ்வளவு நீர் மாற்றியும் ஏன் குறையவில்லை? கடையில் பரிந்துரைக்கும் நைட்ரேட் குறைப்பான்களை வாங்கி ஊற்றலாமா?
– வாசகர், பாயான் லெப்பாஸ், பினாங்கு

பதில்: வணக்கம். உங்கள் உழைப்பில் ஒரு குறையும் இல்லை. தொட்டியில் வாரந்தோறும் புதிதாகச் சேரும் நைட்ரேட்டும், நீங்கள் வெளியேற்றும் நைட்ரேட்டும் சமமாகிவிட்டன. அதனால்தான் அளவு அசையாமல் நிற்கிறது. இதை ஒரு குடும்பத்தின் வரவு செலவுக் கணக்கைப் போலப் பார்த்தால் எளிதில் விளங்கும். நீங்கள் வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றுகிறீர்கள். 90 பிபிஎம் உள்ள தொட்டியில் பத்தில் ஒரு பங்கை எடுத்தால் 9 பிபிஎம் வெளியேறுகிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அளவு மீண்டும் 90 ஆகிறது என்றால், வாரத்துக்கு 9 பிபிஎம் புதிதாக உருவாகிறது என்று பொருள். வார வரவை மாற்றும் நீரின் விகிதத்தால் வகுத்தால், தொட்டி எந்த அளவில் போய் நிற்கும் என்பது கிடைத்துவிடும். வரவு 9 ஆகவே இருந்து, நீங்கள் 25 விழுக்காடு நீரை மாற்றினால் அது 36-இல் நிற்கும். 10 விழுக்காடு மாற்றினால், இன்னும் பத்து ஆண்டுகள் மாற்றினாலும் 90-இல்தான் நிற்கும்.

இந்த வரவு எங்கிருந்து வருகிறது என்றால், ஏறக்குறைய முழுவதும் தீனியிலிருந்துதான். மீன் தின்ற புரதத்திலுள்ள நைட்ரஜனின் பெரும்பகுதி செவுள்கள் வழியாக அம்மோனியாவாக வெளியேறுகிறது. தின்னாமல் விட்ட தீனியும் கழிவும் அழுகும்போது அதே அம்மோனியாவைத் தருகின்றன. பாறையிலும் மணலிலும் வாழும் நுண்ணுயிர்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. பிராணவாயு நிறைந்த நீரில் இந்தப் பயணம் நைட்ரேட்டோடு நின்றுவிடுகிறது. உங்கள் தீனியை வைத்தே கணக்கிடலாம். இரண்டு தேக்கரண்டி உருண்டைத் தீனி ஏறக்குறைய 5 கிராம் இருக்கும். அதில் பாதி புரதம் என்று கொண்டால், புரதத்தின் எடையில் 16 விழுக்காடு நைட்ரஜன் என்பதால், நாளொன்றுக்கு 0.4 கிராம் நைட்ரஜன் தொட்டிக்குள் போகிறது. ஒரு கிராம் நைட்ரஜன் முழுவதும் மாறினால் 4.43 கிராம் நைட்ரேட் ஆகும். ஆக, 1,000 லிட்டர் நீரில் வாரத்துக்கு 12 பிபிஎம் அளவுக்கு நைட்ரேட் உருவாகும் வாய்ப்பை உருண்டைத் தீனி மட்டுமே தருகிறது. இறால் இதற்கு மேல். இதில் ஒரு பங்கை மீன்கள் தம் உடலில் சேர்த்துக்கொள்கின்றன, ஒரு பங்கை ஸ்கிம்மர் (நுரையால் கழிவைப் பிரிக்கும் கருவி) எடுத்துவிடுகிறது, பாறையின் உட்பகுதியில் கொஞ்சம் வாயுவாகிப் போகிறது. எஞ்சியதே நீங்கள் காணும் 9 பிபிஎம்.

எதையும் மாற்றுவதற்கு முன் உங்கள் அளவீடு சரியா என்று பார்த்துவிடுங்கள். நிறத்தை ஒப்பிட்டுப் படிக்கும் டெஸ்ட் கிட்டுகளில் 50-க்கு மேல் சிவப்புகள் எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். 80-ஐயும் 160-ஐயும் கண்ணால் பிரித்தறிவது கடினம். ஒரு பங்கு தொட்டி நீருடன் நான்கு பங்கு ஆர்ஓ (உப்பு நீக்கிச் சுத்திகரித்த) நீரைக் கலந்து சோதித்து, வரும் எண்ணை ஐந்தால் பெருக்குங்கள். அப்போது நம்பத்தகுந்த விடை கிடைக்கும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சில கிட்டுகள் நைட்ரேட்டின் முழு எடையைச் சொல்கின்றன. சில அதிலுள்ள நைட்ரஜனின் எடையை மட்டுமே சொல்கின்றன. பின்னது 20 என்று காட்டினால் உண்மையில் நைட்ரேட் 88-க்கு மேல். கையேட்டை ஒருமுறை படித்து, உங்கள் கிட் எந்த வகை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். நண்பரின் தொட்டியோடு ஒப்பிட்டுக் கவலைப்படுவோரில் பலர் இந்த இரண்டு அளவுகோல்களைக் குழப்பிக்கொண்டவர்கள்.

அடுத்தது தீனி. தேக்கரண்டியை விட்டுவிட்டு, சமையலறைத் தராசில் நிறுத்துப் போடுங்கள். சிங்கமீனுக்கு வாரத்தில் இரண்டு மூன்று முறை இரை கொடுத்தாலே போதும். நாள்தோறும் கொடுத்தால் அதன் உடலுக்கும் கேடு, நீருக்கும் கேடு. ஏஞ்சலும் டாங்கும் அடிக்கடி மேயும் மீன்கள் என்பதால் அவற்றைப் பட்டினி போடக் கூடாது. ஆனால் ஓரிரு நிமிடங்களில் முழுவதும் தின்று முடிக்கும் அளவை மட்டும் கொடுங்கள். உறைந்த இறாலை உருகவைத்து, வடியும் நீரைத் தொட்டியில் ஊற்றாமல் கொட்டிவிடுங்கள். இப்படிச் செய்தால், மீன்கள் மெலியாமலே வார வரவு 9-லிருந்து 6 அளவுக்கு இறங்கும் என்று எதிர்பார்க்கலாம்.

கழிவை அழுகுமுன் எடுப்பது அதே அளவு முக்கியம். வடிகட்டிப் பையில் சிக்கிய கழிவு நீரோட்டத்திலேயே இருக்கிறது; பையை வாரம் முழுவதும் விட்டுவைத்தால் அது அங்கேயே கரைந்து நைட்ரேட்டாகும். இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை பையை மாற்றுங்கள். ஸ்கிம்மரின் கோப்பையையும் கழுத்தையும் அடிக்கடி கழுவுங்கள். கழுத்தில் கொழுப்புப் படிந்தால் நுரை மேலே ஏறாது. சம்ப்பின் அடியிலும் பாறைகளின் பின்புறத்திலும் சேர்ந்த சேற்றை நீர் மாற்றும்போது குழாயால் உறிஞ்சி எடுங்கள். மணல் பழையதாகவும் ஆழமாகவும் இருந்தால் ஒரே நாளில் கிளறிவிட வேண்டாம். அடியில் தேங்கிய நச்சு வாயு, குறிப்பாக ஹைட்ரஜன் சல்பைடு, ஒருசேர வெளிப்பட்டு மீன்களைக் கொல்லக்கூடும். ஒவ்வொரு முறையும் ஒரு மூலையை மட்டும் சுத்தம் செய்யுங்கள்.

இப்போது நீர் மாற்றத்துக்கு வருவோம். தீனியைக் குறைத்து வரவை 6 ஆக்கிவிட்டு, வாரம் 250 லிட்டர் மாற்றினால், 90-இல் தொடங்கும் தொட்டி நான்காவது மாற்றத்துக்குப் பிறகு 39 அளவில் இருக்கும். அதன் பின் தொடர்ந்தால் 24-க்குள் நின்றுவிடும். 250 லிட்டருக்கு ஏறக்குறைய 9 கிலோ கடலுப்பு தேவை. வாரந்தோறும் இந்தச் செலவு பாரமாகத் தோன்றினால் முதல் ஒரு மாதத்துக்கு மட்டும் செய்துவிட்டு, பிறகு அளவைக் குறைத்துக்கொள்ளலாம். சிறுகச் சிறுகப் பலமுறை மாற்றுவதைவிட, ஒரே முறையில் பெரிய அளவில் மாற்றுவது உப்பை மிச்சப்படுத்தும். ஐந்து விழுக்காடாகப் பத்து முறை மாற்றினால் நைட்ரேட் 40 விழுக்காடு குறையும். அதே நீரையும் உப்பையும் கொண்டு ஒரே தடவை மாற்றினால் 50 விழுக்காடு குறையும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. நைட்ரேட் உருவாகும்போதெல்லாம் நீரின் காரத்தன்மை (அமிலத்தைத் தாங்கும் திறன்) கரைகிறது. 50 பிபிஎம் நைட்ரேட் சேர்ந்தால் காரத்தன்மையின் அலகான டிகேஹெச்-இல் அது இரண்டுக்குச் சற்று மேலாகக் குறையும். ஓராண்டாக 90-இல் நின்ற உங்கள் தொட்டியில் காரத்தன்மையும் பிஹெச்-சும் தாழ்ந்திருக்க வாய்ப்புண்டு. புதிய உப்புநீரோ இவற்றில் உயர்ந்து நிற்கும். ஒரே நாளில் பாதி நீரை மாற்றும்போது மீன்கள் துவண்டு போவதற்கு நைட்ரேட் குறைந்தது காரணம் அன்று. இந்தத் திடீர் ஏற்றமே காரணம். முதலில் காரத்தன்மையைச் சோதியுங்கள். அது 6 டிகேஹெச்-க்குக் கீழே இருந்தால் சமையல் சோடாவைச் சில நாட்களில் சிறிது சிறிதாகச் சேர்த்து 8 அளவுக்கு உயர்த்திய பின்னர் பெரிய மாற்றத்தைத் தொடங்குங்கள். புதிய நீரின் உப்பளவும் வெப்பமும் தொட்டியோடு ஒத்திருக்க வேண்டும். குழாய் நீரைப் பயன்படுத்தினால் குளோரினை நீக்க வேண்டும். அதிலேயே நைட்ரேட் இருக்கிறதா என்றும் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

நீர் மாற்றத்தை மட்டும் நம்பாமல், நைட்ரேட்டுக்கு நிரந்தரமான ஒரு வெளிவழியை அமைப்பதே நீண்டகாலத் தீர்வு. உங்கள் தொட்டிக்கு நான் முதலில் பரிந்துரைப்பது பாசி. சம்ப்பின் ஓர் அறையில் கீட்டோமார்ஃபா என்னும் நூல் போன்ற பச்சைப் பாசியை வைத்து, நல்ல விளக்கொன்றை மேலே பொருத்துங்கள். தொட்டியின் விளக்கு அணைந்திருக்கும் இரவில் அது எரிந்தால் பிஹெச் இரவில் அதிகம் இறங்காமலும் இருக்கும். பாசி வளர வளர நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அதன் உடலுக்குள் போகின்றன. ஆனால் அதை அறுத்து வெளியே எடுத்தால்தான் அவை தொட்டியை விட்டுப் போனதாகக் கணக்கு. பலர் பாசியை வளர்த்துவிட்டு அறுவடை செய்ய மறந்துவிடுகிறார்கள். இட வசதி குறைவென்றால், சொரசொரப்பான வலையின்மீது நீரை மெல்லிய படலமாக ஓடவிட்டு, விளக்கொளியில் பாசியை வளர்த்து, வாரம் ஒருமுறை சுரண்டி எடுக்கும் அமைப்பைச் செய்துகொள்ளலாம். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த வால்டர் ஏடி உருவாக்கிய முறை இது. சுரண்டிய பாசியை உங்கள் டாங் மீன்களுக்கே உணவாகவும் கொடுக்கலாம். நம் சபா மாநிலத்தில் லாத்தோக் என்று பச்சையாக உண்ணப்படும் காலெர்ப்பா இனப் பாசிகளும் நைட்ரேட்டை நன்றாக உறிஞ்சும். ஆனால் அவை சில வேளைகளில் ஒரே இரவில் சிதைந்து, சேர்த்துவைத்த அனைத்தையும் நீரில் கொட்டிவிடும். ஆகையால் நான் கீட்டோமார்ஃபாவையே விரும்புகிறேன்.

பாசியால் மட்டும் சமாளிக்க முடியாத அளவுக்குத் தீனி போகும் தொட்டிகளுக்குக் கந்தகக் கலன் ஏற்றது. மூடிய குழாய்க் கலனில் கந்தக உருண்டைகளை நிரப்பி, தொட்டி நீரை மிக மெதுவாக அதன் வழியே செலுத்துவார்கள். உள்ளே பிராணவாயு தீர்ந்துபோன சூழலில் வாழும் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு, நைட்ரஜனை வாயுவாக வெளியேற்றிவிடும். வெளிவரும் நீர் அமிலத்தன்மை கொண்டிருப்பதால் அதைப் பவளச் சரளையின் வழியே அனுப்பித் தொட்டிக்குள் விட வேண்டும். தொடக்க வாரங்களில் நீர் சொட்டுச் சொட்டாகத்தான் போக வேண்டும். வெளிவரும் நீரில் நைட்ரைட் இல்லை என்று தெரிந்த பிறகே வேகத்தைக் கூட்ட வேண்டும். அழுகிய முட்டை வாடை வந்தால் நீரோட்டம் மிகவும் குறைவு என்று அறிந்து உடனே கொஞ்சம் கூட்டுங்கள். பொறுமையும் கவனமும் கேட்கும் கருவி இது. அமைந்துவிட்டால் மீன்கள் மட்டும் உள்ள பெரிய தொட்டிக்கு இதைவிட உறுதியான வழியை நான் கண்டதில்லை.

கடைப் புட்டிகளைப் பொறுத்தவரை, நைட்ரேட்டை ஈர்க்கும் பிசின்கள் நன்னீரில் வேலை செய்யும் அளவுக்குக் கடல்நீரில் செய்வதில்லை. கடல்நீரில் மிகுந்துள்ள குளோரைடும் சல்பேட்டும் அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. நுண்ணுயிர்களுக்குக் கரிம உணவு தரும் திரவங்கள் வேலை செய்யும். அவற்றைப் பற்றி அடுத்த கேள்விக்கான பதிலில் சொல்கிறேன். உங்கள் தொட்டியில் 20 முதல் 40 வரை இருந்தாலே போதும். பூஜ்யத்தைத் துரத்த வேண்டாம்.

கேள்வி: நைட்ரேட்டைக் குறைக்க வினிகர் ஊற்றலாம் என்கிறார் நண்பர். வோட்காவும் அதே வேலையைச் செய்யுமாம். கடைக்காரரோ, சம்ப்பிலுள்ள பயோ பால்கள் எனும் பிளாஸ்டிக் வடிகட்டி உருண்டைகள்தான் நைட்ரேட்டுக்குக் காரணம், அவற்றை எடுத்துவிட்டால் போதும் என்கிறார். எது சரி? என் தொட்டி 800 லிட்டர், சில்லர் இல்லை.
– வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: நண்பர் சொன்னது உண்மை, ஆனால் உங்கள் கடிதத்தின் கடைசி இரண்டு சொற்கள், அதாவது நீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லை என்பது, எனக்குக் கவலை தருகின்றன. வினிகரிலுள்ள அசிட்டிக் அமிலமும் வோட்காவிலுள்ள எத்தனாலும் நுண்ணுயிர்களுக்கு உணவு. அவை பெருகும்போது நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் உடலில் சேர்த்துக்கொள்கின்றன. அந்த நுண்ணுயிர்களில் ஒரு பகுதியை ஸ்கிம்மர் நுரையோடு வெளியேற்றுகிறது. பெருகும் நுண்ணுயிர்கள் பிராணவாயுவையும் குடிக்கும். 25 பாகையில் கடல்நீர் ஏந்தக்கூடிய பிராணவாயு லிட்டருக்கு ஏறக்குறைய 6.7 மில்லிகிராம் என்றால், சில்லர் இல்லாத கோலாலம்பூர் வீட்டில் பிற்பகலில் நீர் 30 பாகையைத் தொடும்போது அது 6.2 அளவுக்கு இறங்கிவிடுகிறது. அதே வெப்பத்தில் மீன்களின் தேவையோ கூடுகிறது. மாலை இடிமழையில் மின்சாரம் போய், பம்பும் ஸ்கிம்மரும் நின்றுவிட்டால், வினிகர் ஊற்றிய தொட்டி ஊற்றாத தொட்டியைவிட விரைவாக மூச்சுத் திணறும். ஆகவே முதலில் சில்லர் வாங்குங்கள்; அல்லது விசிறி வைத்தாவது நீரைக் குளிர்வித்து, மின்கலத்தில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். திறன்மிக்க ஸ்கிம்மர் இல்லாதவர்கள் இந்த முறையைத் தொடவே வேண்டாம்.

இவையெல்லாம் இருக்குமானால், வோட்காவைத் தேடிப் போக வேண்டிய தேவை இல்லை. வெள்ளை வினிகர் மலிவு. 5 விழுக்காடு அமிலம் கொண்ட வினிகர் 8 மில்லி லிட்டர், 40 விழுக்காடு வோட்கா 1 மில்லி லிட்டருக்கு ஈடு. வண்ணமோ சுவையோ சேர்க்காததை மட்டும் வாங்குங்கள். புட்டியின் மேல் உள்ள அமில விழுக்காட்டையும் படியுங்கள். உங்கள் தொட்டிக்கு நாளொன்றுக்கு 8 மில்லி லிட்டரில் தொடங்கி, வாரத்துக்கு ஒருமுறை 5 மில்லி லிட்டர் கூட்டலாம். விளக்கு எரியும் பகல் வேளையில், நீரோட்டம் மிகுந்த இடத்தில் மெதுவாக ஊற்றுங்கள். நைட்ரேட் இறங்கத் தொடங்கியதும் மேலும் கூட்டாதீர்கள். வேண்டிய அளவை எட்டியதும் பாதியாகக் குறைத்துத் தொடருங்கள். நீர் பால்போலக் கலங்கினால் ஊற்றுவதை நிறுத்திக் காற்றோட்டத்தைக் கூட்டுங்கள். வாரக்கணக்கில் ஊற்றியும் நைட்ரேட் அசையவில்லை என்றால் பாஸ்பேட்டைச் சோதியுங்கள். அது தீர்ந்துபோன நீரில் நுண்ணுயிர்களால் நைட்ரேட்டை எடுத்துக்கொள்ள இயலாது.

பயோ பால்கள் விஷயத்தில் கடைக்காரர் பாதி உண்மையைச் சொல்லியிருக்கிறார். பயோ பால் புதிதாக நைட்ரேட் எதையும் படைப்பதில்லை. தீனியில் வந்த நைட்ரஜனைத்தான் அதுவும் மாற்றுகிறது. ஆனால் அங்கே பிராணவாயு மிகுதி என்பதால் வேலை நைட்ரேட்டோடு முடிந்துவிடுகிறது. நுண்துளைகள் நிறைந்த பாறையிலோ, மேற்பரப்பில் உருவாகும் நைட்ரேட்டில் ஒரு பகுதி பிராணவாயு இல்லாத உட்பகுதிக்குப் போய் வாயுவாகிறது. போதிய பாறை உள்ள தொட்டியில் பயோ பால் தேவையில்லை என்பது என் கருத்து. ஆனால் ஒரே நாளில் எடுத்தால் அம்மோனியா ஏறும். வாரத்துக்கு நான்கில் ஒரு பங்காக எடுத்து, ஒவ்வொரு முறையும் அம்மோனியாவைச் சோதியுங்கள். எடுக்க மனமில்லை என்றால், அவற்றுக்கு முன்னால் வடிகட்டிப் பை வைத்து, சேறு படியாமல் பார்த்துக்கொண்டாலே பாதிக் குறை தீர்ந்துவிடும். பாறை வேண்டுமென்று கடலுக்குப் போய் எடுத்துவராதீர்கள். 1985 ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்தின்கீழ் கடல் பூங்காக்களில் பவளங்களைச் சேகரிப்பது குற்றம். காய்ந்த செயற்கைப் பாறையும் சில மாதங்களில் அதே வேலையைச் செய்யும்.

கேள்வி: எங்கள் உணவகத்தின் பெரிய தொட்டியில் இரண்டு மூங்கில் சுறாக்கள் உள்ளன. நைட்ரேட் 150 பிபிஎம்-க்கு மேல் இருக்கிறது. ஆனாலும் அவை நன்றாகச் சாப்பிடுகின்றன. ஒன்றின் தொண்டைக்குக் கீழே மட்டும் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. மீன்களுக்கு நைட்ரேட் பெரிய தீங்கு செய்யாது என்கிறார்களே?
– வாசகர், பூச்சோங்

பதில்: அந்தச் சொல் எலும்புள்ள மீன்களுக்கு ஓரளவு பொருந்தும். பல கடல்மீன்கள் நூற்றுக்கணக்கான பிபிஎம் நைட்ரேட்டிலும் உடனே சாவதில்லை. சுறாக்களுக்கு இது பொருந்தாது. தைராய்டு சுரப்பி நீரிலுள்ள அயோடைடை எடுத்துக்கொள்வதை நைட்ரேட் தடுக்கிறது. அயோடின் கிடைக்காத சுரப்பி பெரிதாகிக் கழலையாக வீங்குகிறது. நீங்கள் சொல்லும் வீக்கம் அதுவாக இருக்க மிகவும் வாய்ப்புண்டு. சாப்பிடுகிறது என்பதை நலத்தின் அடையாளமாகக் கொள்ளாதீர்கள். கழலை முற்றித் தொண்டையை அடைக்கும்போதுதான் பல சுறாக்கள் உண்ண மறுக்கின்றன. நீர்வாழ் உயிர்களைப் பார்க்கும் கால்நடை மருத்துவர் ஒருவரிடம் உடனே காட்டுங்கள். அயோடின் மருந்தை நீங்களாகவே ஊற்ற வேண்டாம். அளவு மிஞ்சினால் அதுவும் நஞ்சு.

இதற்கிடையில் காரத்தன்மையைச் சரிபார்த்துக்கொண்டு, வாரம் 25 முதல் 30 விழுக்காடு நீரை மாற்றத் தொடங்குங்கள். புதிய உப்புநீரில் அயோடைடும் இருப்பதால் இது இரண்டு வழியில் உதவும். தண்ணீரைக் கிருமி நீக்க ஓசோன் பயன்படுத்துகிறீர்கள் என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஓசோன் அயோடைடைச் சுறாவின் உடல் ஏற்க முடியாத வடிவத்துக்கு மாற்றிவிடும். சுறாவுக்கு நாள்தோறும் இரை தேவையில்லை. வாரத்தில் மூன்று முறை போதும். வாடிக்கையாளர்கள் வேடிக்கைக்காக இறாலும் கணவாயும் போடுவதை இன்றே நிறுத்துங்கள். நைட்ரேட்டை 40-க்குக் கீழே கொண்டுவந்து அங்கேயே நிறுத்துவதற்குக் கந்தகக் கலன் வேண்டியிருக்கும்.

கேள்வி: தெலுக் பஹாங் கடற்கரை எங்கள் வீட்டிலிருந்து பக்கம். உப்பு வாங்காமல் கடல்நீரையே கொண்டுவந்து மாற்றினால் நைட்ரேட் குறையுமா?
– வாசகி, தஞ்சோங் பூங்கா, பினாங்கு

பதில்: குறையும், அம்மா. நம் வெப்பமண்டலக் கடலின் தூய மேற்பரப்பு நீரில் நைட்ரேட் பொதுவாக 1 பிபிஎம்-ஐக்கூட எட்டுவதில்லை. ஆனால் கரையோர நீர் தூய கடல்நீர் அன்று. ஆற்று முகங்களுக்கு அருகிலும் மழைக்குப் பின்னும் உப்பளவு தாழ்ந்திருக்கும். சேறும், கால்வாய்க் கழிவும், வெள்ளைப்புள்ளி நோயின் கிருமியும் அதில் இருக்கலாம். மழை இல்லாத நாட்களில், ஓதம் ஏறி நிற்கும் நேரத்தில், ஆற்று வாயிலிருந்து தள்ளி எடுங்கள். வீட்டில் வண்டல் படியவிட்டு வடிகட்டி, வாசனை சேர்க்காத குளோரின் வெளுப்பானால் கிருமி நீக்கி, நன்கு காற்றோட்டம் கொடுங்கள். எஞ்சிய குளோரினைச் சோடியம் தயோசல்பேட்டால் முறித்து, குளோரின் துளியும் இல்லை என்று சோதித்த பிறகே தொட்டியில் சேருங்கள். உப்பளவு குறைந்திருந்தால் கடலுப்பைக் கலந்து, ஒப்படர்த்தியை 1.025-க்கு உயர்த்திக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தடவையும் கொண்டுவந்த நீரின் நைட்ரேட்டையும் உப்பளவையும் குறித்துவையுங்கள். மாதத்துக்கு மாதம் அவை மாறுவதைப் பார்த்தால், எந்த நாட்களில் கடலுக்குப் போகலாம், எந்த நாட்களில் கடைக்குப் போவதே மேல் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.